வீட்டுக்கு எலுமிச்சை வைக்கணும்: விதைக்கன்னா, ஒட்டுக்கன்னா, விதையில்லாததா?

ஆடி பொறந்து நாலு மழை விழுந்துட்டா போதும், எலுமிச்சை கேள்வி வர ஆரம்பிச்சிடும். "நர்சரில மூணு வகை வெச்சிருக்காங்க, ஒண்ணு முப்பது ரூபா, இன்னொண்ணு இருநூறு, இன்னொண்ணு காயோட தொங்குது நானூறு சொல்றாங்க, எதை வாங்குறது?" அப்படின்னு கேக்குறவங்கதான் அதிகம். வீட்டுல ஒரு எலுமிச்சை இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், 2022 கோடையில பல ஊர்ல கிலோ 200 ரூபாயைத் தாண்டினப்போ அது இன்னும் நல்லாவே தெரிஞ்சுது. ஆனா தப்பான கன்னை வெச்சுட்டா நாலஞ்சு வருஷம் தண்ணி ஊத்தின பிறகுதான் அது தெரியவரும், அதனால வாங்குறதுக்கு முன்னாடியே கொஞ்சம் பொறுமையா யோசிக்கணும்.

நிறைய பேர் வெரைட்டி பேரைத்தான் கேக்குறாங்க. பி.கே.எம் 1 நல்லதா, பாலாஜி நல்லதா, தாய்லாந்து நல்லதான்னு. என்னைக் கேட்டா வீட்டுத் தோட்டத்துக்கு பேரு ரெண்டாவது விஷயம்தான். அந்தக் கன்னு விதையில இருந்து வந்துதா, ஒட்டு கட்டினதா, பதியன் போட்டதா, இதுதான் முதல்ல. எப்ப காய்க்கும், எவ்ளோ முள்ளு இருக்கும், தொட்டியில தாங்குமா, காத்துல சாயுமான்னு நீங்க பயப்படுற பாதி விஷயத்தை இதுதான் முடிவு பண்ணுது.

## முதல்ல உங்க இடத்தைப் பாருங்க

வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழணும். இது இல்லன்னா எந்த வகையும் சரியா காய்க்காது, செடி பச்சையா உயரமா போகும், பூ வராது. அபார்ட்மென்ட் பால்கனியில காலையில ரெண்டு மணி நேரம் மட்டும் வெயில் வருதுன்னா எலுமிச்சை ஆசையை விட்டுட்டு ஓமவல்லி மாதிரி எதையாவது வைங்க.

தரையா தொட்டியா. தரையில ஒரு மரம் நல்லா வளர்ந்தா குறுக்க பத்து பதினஞ்சு அடிக்கு விரியும். காம்பவுண்ட் சுவர்ல இருந்து ஏழெட்டு அடியாவது தள்ளி வைக்கணும். சம்ப், செப்டிக் டேங்க் பக்கத்துல வேண்டாம்.

தண்ணி. இதை யாரும் கேக்குறதே இல்ல. எலுமிச்சைக்கு உப்புத் தண்ணி ஆகாது. சென்னையில கடற்கரை பக்கம் இருக்குற போர் தண்ணியை மட்டும் ஊத்தி வளர்த்தா இலை நுனி கருகி, ஓரம் காஞ்சு, இலை கொட்டிக்கிட்டே இருக்கும், உரம் போட்டா இன்னும் மோசமாகும். துணி துவைச்ச தண்ணியும் வேண்டாம், சோப்புல இருக்குற சோடியம் மண்ணைக் கெடுக்கும். அதே மாதிரி தண்ணி தேங்குற இடமும் ஆகாது, அடித்தண்டுல அழுகல் வந்து பிசின் வடியும்.

எதுக்கு காய் வேணும். தினம் ஜூஸ், ரசம், சாதம்னா ஒரு மாதிரி. ஊறுகாய் போடணும், வெள்ளிக்கிழமை பூஜைக்கு, அம்மன் கோயிலுக்கு மாலை கட்ட, வண்டிக்கு வைக்கன்னா வேற மாதிரி. இது ரெண்டுக்கும் எல்லாப் பழமும் சரிவராது, கீழ சொல்றேன்.

எவ்ளோ காய் வேணும். நாலு பேர் இருக்குற வீட்டுல வாரத்துக்கு நாலஞ்சு பழம் செலவாகும்னு வெச்சாலும் வருஷத்துக்கு இருநூத்தம்பது பழம்தான். தரையில நல்லா வளர்ந்த ஒரு நாட்டு மரம் வருஷத்துக்கு ஆயிரத்தைத் தாண்டி காய்க்கும். அதுல பெரும்பகுதி மழை சீசன்ல ஒட்டுமொத்தமா வந்து கொட்டும், நமக்கு ரொம்ப தேவைப்படுற ஏப்ரல் மே மாசத்துல கம்மியாத்தான் இருக்கும். அதனால "ரொம்ப காய்க்கும்" அப்படிங்கிற வார்த்தைக்கு மயங்க வேண்டாம்.

## நாட்டு எலுமிச்சை, விதைக்கன்னு

தோல் மெல்லிசா, உருண்டையா, நகத்தால லேசா கீறினாலே வாசனை அடிக்கும், அதுதான் நாட்டு எலுமிச்சை. புளியங்குடி பக்கம் தோட்டம் தோட்டமா இருக்குறது இதுதான், அந்தப் பழத்துக்கு 2025ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம் 1 கூட இந்த வகைதான்.

விதைக்கன்னுன்னா மட்டம்னு ஒரு எண்ணம் இருக்கு. மாங்கொட்டையைப் போட்டா அதே மாம்பழம் வராதுன்னு கேள்விப்பட்டு, எலுமிச்சைக்கும் அப்படித்தான்னு நினைச்சுக்குறாங்க. எலுமிச்சை அப்படி இல்ல. ஒரு விதையைப் போட்டா சில சமயம் ரெண்டு மூணு முளை வரும், பார்த்திருப்பீங்க. அதுல பெரும்பாலான முளை மகரந்தச் சேர்க்கையில உண்டானது இல்ல, தாய் மரத்தோட திசுவுல இருந்தே வர்றது, அதனால தாய் எப்படியோ கன்னும் அப்படியே. நல்ல மரத்துல இருந்து எடுத்த விதைன்னா பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா விதையைக் காய வெச்சு டப்பாவுல போட்டு வைக்கக் கூடாது, கழுவின கையோட ஊனணும், காஞ்சா முளைப்பு போயிடும்.

நல்லது என்னன்னா ஆணிவேர் இருக்கும், புயல் காத்துக்கு சாயாது, கோடையில ரெண்டு நாள் ஊருக்குப் போனாலும் தாங்கும், ரொம்ப வருஷம் இருக்கும், விலையும் கம்மி. கஷ்டம் என்னன்னா காத்திருக்கணும். நட்டு நாலஞ்சு வருஷம் ஆகும், நிழல் இருந்தா இன்னும் இழுக்கும். முள்ளு ரொம்ப இருக்கும், அதுவும் இளசா இருக்கும்போது வர்ற முள்ளு விரல் கடை நீளத்துக்கு இருக்கும். குழந்தைங்க ஓடுற இடத்துலயும் தண்ணிக் குழாய் பக்கத்துலயும் வெச்சீங்கன்னா ஒவ்வொரு நாளும் கை கிழியும்.

கணக்குல வராத செலவு ஒண்ணு, சொறி நோய். இலையில, காயில, குச்சியில தடிப்பா காபி கலர்ல மரு மாதிரி வரும், சுத்தி மஞ்சள் வளையம் இருக்கும். நாட்டு எலுமிச்சைக்கு இது ரொம்ப சுலபமா வரும், மழைக்காலத்துல வேகமா பரவும். பழத்தோட ருசிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா பூஜைக்கு வைக்க முடியாது, பார்க்கவும் நல்லாருக்காது. நோய் வந்த குச்சியை வெட்டி எரிச்சுட்டு, காப்பர் ஆக்சி குளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து மழைக்கு முன்னாடி அடிக்கணும். இதை வருஷா வருஷம் செய்யணும். திருப்பதி ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த பாலாஜி ரகம் இந்த நோயைத் தாங்கும், மழை அதிகமா பெய்ற ஊர்ல இருக்குறவங்க அது கிடைச்சா விடாதீங்க.

யாருக்கு: சொந்த வீடு, பின்னாடி காலி இடம், அவசரம் இல்லாதவங்க.

## அதே நாட்டு எலுமிச்சை, ஒட்டு இல்லன்னா பதியன்

தரை இருக்குற பெரும்பாலான வீட்டுக்கு நான் சொல்றது இதுதான். பழம் அதே பழம், அதே வாசனை, ஆனா ரெண்டு மூணு வருஷத்துல காய் பார்க்கலாம், முள்ளும் விதைக்கன்னை விட கம்மி.

பதியனும் ஒட்டும் ஒண்ணு இல்ல. பதியன்னா காய்க்கிற மரத்தோட கிளையிலேயே வேர் விட வெச்சு வெட்டி எடுக்குறது. அதுக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாமே மேலாக்க ஓடுற சல்லிவேர். அதனால முதல் ரெண்டு மூணு வருஷம் குச்சி நட்டுக் கட்டி வைக்கணும், கடலோர மாவட்டத்துல புயல் அடிக்கிற ஊர்ல இருந்தா இதை மறந்துடவே கூடாது. ஒட்டுன்னா வேற ஒரு எலுமிச்சை வகையோட வேர்ச்செடி மேல நம்ம ரகத்தை ஏத்துறது. இதுல ஒரு பெரிய லாபம் இருக்கு, வேர்ச்செடி ரங்கபூர் லைமா இருந்தா உப்பை ஓரளவு தாங்கும். தண்ணி சுமாரா இருக்குற ஊர்க்காரங்க கேட்டுப் பார்த்து வாங்குங்க.

ஒட்டுல ஒரே ஒரு விஷயத்துல கண்ணு வைக்கணும். ஒட்டு கட்டின இடத்துக்குக் கீழ இருந்து கொழுந்து கிளம்பும். அது வேர்ச்செடியோட கிளை, நம்ம எலுமிச்சை இல்ல. ரொம்ப வேகமா, முள்ளு முள்ளா, செழிப்பா வளரும், நாமளும் செடி நல்லா வருதுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்போம், ரெண்டு வருஷத்துல மேல இருக்குற நல்ல செடி மெலிஞ்சு செத்துப் போயிடும். வாரம் ஒரு தடவை அடியைப் பார்த்து, வந்த உடனே கையாலயே பிச்சு எடுத்துடுங்க. ஒட்டு இடம் மண்ணுக்குள்ள போகாம அரை அடி மேல நிக்கிற மாதிரி நடுங்க.

இதுல இன்னொரு வழி இருக்கு, செலவே இல்லாதது. உங்க தெருவுல யார் வீட்டுலயாவது எலுமிச்சை நல்லா காய்க்குதா? அந்த மரம் உங்க மண்ணுலயும் உங்க தண்ணியிலயும் தாக்குப்பிடிச்சு காய்ச்சு காட்டிடுச்சு, நர்சரிக்காரர் சொல்ற எந்த உத்தரவாதத்தையும் விட அது பெருசு. கேட்டு ஒரு பதியன் போடுங்க. மழைக்காலத்துல பென்சில் கனம் இருக்குற கிளையில ஒரு இஞ்ச் அகலத்துக்கு சுத்தி பட்டையை உரிச்சு, ஈரமான தென்னை நாரை வெச்சு பிளாஸ்டிக் கவர் சுத்தி ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்க. ஒன்றரை ரெண்டு மாசத்துல கவருக்குள்ள வெள்ளை வேர் தெரியும். அதுக்குக் கீழ வெட்டி, பையில நட்டு நிழல்ல வெச்சு, தளிர் விட்டதும் தரைக்கு மாத்துங்க.

## விதையில்லா எலுமிச்சை

நர்சரில தாய்லாந்து, சீட்லெஸ், ஹைப்ரிட், இப்படி ஆளுக்கொரு பேர்ல விக்கிறது பெரும்பாலும் தாகிதி எலுமிச்சை, பெர்ஷியன் லைம்னும் சொல்வாங்க. நாட்டு எலுமிச்சையை விட பெருசு, கொஞ்சம் நீளவாக்குல இருக்கும், நுனியில சின்ன மொட்டு மாதிரி இருக்கும். விதை கிடையாது, முள்ளு ரொம்பக் கம்மி. விதை இல்லாததால பதியனோ ஒட்டோதான், அதனால சீக்கிரம் காய்க்கும், ஒன்றரை ரெண்டு வருஷத்துலயே பூ பார்க்கலாம். சொறி நோயும் நாட்டு எலுமிச்சை அளவுக்கு வராது. தண்ணி ஒழுங்கா ஊத்தி, லேசா கவாத்து பண்ணிட்டு இருந்தா வருஷத்துல பல தடவை பூக்கும், ஒரே சீசன்ல கொட்டாம அப்பப்ப கிடைக்கும், மொட்டை மாடிக்கு இதுதான் சரி.

ஆனா பழத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஜூஸுக்கு அருமை, பிழியும்போது விதை விழாது, சாறு நிறைய வரும். ஆனா அந்த சுரீர்னு ஏறுற புளிப்பும் வாசனையும் நாட்டுப் பழத்துலதான். ரசத்துல பிழிஞ்சா வித்தியாசம் தெரியும். ஊறுகாய்க்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன், தோல் தடிமன், அந்த மணம் வராது. பச்சையா இருக்கும்போதே பறிச்சுப் பயன்படுத்துற பழம் இது, மஞ்சளாகட்டும்னு மரத்துலயே விட்டா நுனி பக்கம் அழுக ஆரம்பிச்சிடும். பூஜைக்கு மஞ்சள் பழம் வேணும்னா இது உதவாது.

மாடியில வைக்கிறவங்க செடி விலையை மட்டும் பார்க்காதீங்க. பாதியா வெட்டின ப்ளூ டிரம்ல நூறு லிட்டர் மண்ணு பிடிக்கும், நனைஞ்சா நூத்தி முப்பது நூத்தம்பது கிலோ. அது நடு ரூஃப்ல நிக்கக் கூடாது, பீம் மேலயோ சுவர் மேலயோ வர்ற மாதிரி வைக்கணும், அடியில செங்கல் கொடுத்து தண்ணி ஓட வழி விடணும், இல்லன்னா கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் இறங்கும், அந்த ரிப்பேர் செலவுக்கு ஒரு ஆயுசுக்கு எலுமிச்சம்பழம் கடையிலேயே வாங்கிடலாம். கோடையில தினம் தண்ணி, ஒரு நாள் விட்டா பிஞ்சு கொட்டிடும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மேல் மண்ணை எடுத்து, ஓரத்து வேரை வெட்டி, புது மண்ணும் தொழு உரமும் போடணும். இதையெல்லாம் செய்ய முடியும்னா தைரியமா வைங்க.

## நார்த்தையைப் பத்தி ரெண்டு வரி

வீட்டுல ஊறுகாய்தான் முக்கியம்னா நார்த்தை மரம் வைக்கலாம். உப்பு நார்த்தங்காய் ஒரு ஜாடி போட்டா வருஷக்கணக்கா இருக்கும், இலையை வெச்சு வேப்பிலைக்கட்டி இடிக்கலாம். ஆனா ஜூஸுக்கு ஆகாது, இடமும் வேணும். ஒரே மரத்துக்குத்தான் இடம் இருக்குன்னா நார்த்தை வேண்டாம்.

## ஒரு பார்வையில

| | நாட்டு விதைக்கன்னு | நாட்டு ஒட்டு / பதியன் | விதையில்லாதது |
|---|---|---|---|
| முதல் காய் | 4–5 வருஷம், சில சமயம் மேல | 2–3 வருஷம் | 1½–2 வருஷம் |
| முள்ளு | ரொம்ப | நடுத்தரம் | கம்மி |
| தொட்டி | வேண்டாம் | பெரிய டிரம்னா சமாளிக்கலாம் | நல்லா வரும் |
| காத்து, வறட்சி | நல்லா தாங்கும் | பதியனுக்கு முட்டு வேணும் | தினம் கவனிக்கணும் |
| சொறி நோய் | சுலபமா வரும் | சுலபமா வரும் | கம்மி |
| ஊறுகாய், பூஜை | அருமை | அருமை | சரிவராது |
| ஜூஸ் | நல்லாருக்கும் | நல்லாருக்கும் | அருமை |

## நர்சரில நின்னு எப்படி கண்டுபிடிக்கிறது

லேபிளை நம்பாதீங்க, செடியைப் பாருங்க. விதைக்கன்னுன்னா தண்டு அடியில தடிச்சு மேல போகப் போக மெலிஞ்சு நேரா போகும், கணுவுக்குக் கணு முள்ளு. ஒட்டுன்னா மண்ணுல இருந்து அரை அடி மேல ஒரு வளைவோ தழும்போ இருக்கும், அதுக்கு மேலயும் கீழயும் பட்டை நிறம் கொஞ்சம் மாறும், விரலால தடவினாலே மேடு தெரியும். பதியன்னா தண்டு ஒரு கிளையை மண்ணுல சொருகின மாதிரியே இருக்கும், அடிக்கும் நுனிக்கும் தடிமன்ல பெரிய வித்தியாசம் இருக்காது.

இலையைத் திருப்பிப் பாருங்க. வெள்ளி நிறத்துல வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டிருந்தா இலைத்துளைப்பான், அந்தக் காயத்து வழியாத்தான் சொறி நோயும் உள்ள போகும். ஒண்ணு ரெண்டு இலைன்னா பரவாயில்ல, வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்பு கலந்து அடிச்சா கட்டுப்படும். தண்டுலயே மரு மாதிரி இருந்தா அந்தச் செடி வேண்டாம், எவ்ளோ விலை குறைச்சாலும் வேண்டாம்.

ஆந்திராவுல இருக்குற கடியம் பக்கத்து நர்சரிகள்ல இருந்து லாரியில வர்ற செடிகள் கட்டியான சிவப்பு மண் உருண்டையோட வரும். அதை அப்படியே தொட்டியில இறக்கினா, சுத்தி இருக்குற நல்ல மண்ணு நனைஞ்சிருக்கும், உருண்டை மட்டும் உள்ள கல்லு மாதிரி காஞ்சிருக்கும், செடி ஏன் வாடுதுன்னே புரியாது. ஒரு பக்கெட் தண்ணியில அரை மணி நேரம் ஊற வெச்சு, ஓரத்து மண்ணை மெதுவா கரைச்சு விட்டு நடுங்க.

காயோட தொங்குற குட்டிச் செடியைப் பார்த்தா ஆசையாத்தான் இருக்கும். அது பெரும்பாலும் காய்க்கிற கிளையில போட்ட பதியன். நட்ட முதல் வருஷம் அந்தக் காயையும் புதுசா வர்ற பூவையும் கிள்ளி எடுத்துடணும், வேர் பிடிக்க விடணும். அது மனசு வராதுன்னா காய் இல்லாத, கிளை நல்லா பிரிஞ்ச செடியா பார்த்து வாங்குங்க, விலையும் குறையும். வெரைட்டி உறுதியா வேணும்னா அரசு தோட்டக்கலைப் பண்ணையிலயோ வேளாண் பல்கலைக்கழக நர்சரியிலயோ கேளுங்க, கூட்டம் இருக்கும், ஆனா சொன்ன ரகம் சொன்ன மாதிரி இருக்கும்.

## ஏற்கனவே இருக்குற மரம் காய்க்கலைன்னா?

இதுவும் நிறைய பேர் கேக்குறது, அஞ்சு வருஷமா காய்க்கல, வெட்டிட்டு விதையில்லாதது வைக்கலாமான்னு. விதைக்கன்னுன்னா அவசரப்படாதீங்க. மேல நிழல் விழுதான்னு பாருங்க, பக்கத்து மாமரக் கிளை மறைச்சா அதைக் கழிச்சு விடுங்க. யூரியாவும் மாட்டுச் சாணமும் அதிகமா போட்டுட்டு இருந்தா நிறுத்துங்க, இலைதான் வரும். புது இலை சின்னதா, நரம்பு மட்டும் பச்சையா நடுவுல வெளுத்து இருந்தா துத்தநாகம் பத்தல, ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு தளிர் விடும்போது அடிங்க. பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இலையில ஒட்டிட்டு இருக்கும், வளர்ந்தா பச்சையாயிடும், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோட புழு, சின்ன மரத்தை ஒரு வாரத்துல மொட்டையாக்கிடும், கையாலயே பொறுக்கி எடுத்துடலாம். இதெல்லாம் செஞ்சு ரெண்டு சீசன் பாருங்க. அடித்தண்டைச் சுத்தி முழுசா பட்டை அழுகி பிசின் வடிஞ்சுட்டு இருந்தா மட்டும் எடுத்துடுங்க, அப்படி எடுத்த குழியிலேயே அடுத்த எலுமிச்சையை வைக்காதீங்க, அஞ்சாறு அடி தள்ளி, மண்ணை மேடாக்கி நடுங்க.